வலை இல்லை

அத்தியாயம் 17

போன வாரம் பொன்னுரங்கத்தைச் சிக்குன்குனியாவிலிருந்து எழுப்பி, இரண்டு தம்ளர் கஞ்சி குடிக்க வைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அதற்குமேல் அந்த மனுஷன் வீட்டில் தங்குவாரா? முட்டி மடங்கவில்லை, விரலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் விடியும்போதே படகில் வலையை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். இன்று அவருடைய பாடு.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாக விழுகிற இடங்களை நம் குப்பத்து வீடுகள் நாள் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். அதை விட்டால் மறுபடி முறை வர இருபத்திரண்டு நாள். வாடைக்காற்று தணிந்து எறா கூட்டம் கூட்டமாக ஓடுகிற இந்த மாதத்தில் ஒரு பாட்டை விடுகிறவன், பந்தியில் சோறு விழுவதற்கு முன்னால் இலையை மடித்துவிட்டு எழுந்தவன்.

பொன்னுரங்கம் போய்ச் சேர்ந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் கழி நட்டு வலை கட்டி முடித்திருந்தார்.

"யோவ் வடிவேலு! யார் பாட்டுல யார் கழி நடறது?"

வடிவேலு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி திரும்பினார். நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர்.

"அண்ணே, உனக்கு வலை இல்லன்னாங்க. அடுத்த பேரு என்னுது. தலைவர் போன் பண்ணி நீ நட்டுக்கோன்னாரு."

"வலை இல்லியா? அப்ப படகுல கெடக்குதே, அது இன்னா, உங்கப்பன் வேட்டியா?"

வடிவேலு படகை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நட்ட கழியை அந்த நாளுக்குள் பிடுங்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. இரண்டு பேருக்கும் அது தெரியும். பொன்னுரங்கம் காறித் துப்பிவிட்டுப் படகைத் திருப்பினார்.

ஈர வேட்டியோடு நேரே தலைவர் கங்காதரன் வீட்டுக்குத்தான் போனார்.

"எனக்கு வலை இல்லன்னு எவன் சொன்னான்?"

"நீதான்யா சொன்ன." கங்காதரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். "படி."

பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இரண்டே சொல். வலை இல்லை.

"போன பாட்டுக்கும் இதேதான் வந்துச்சு. சரி, காய்ச்சல்ல கெடக்கிறான்னு விட்டேன். ரெண்டாவது தபாவும் அதே வருது. புள்ள துறைமுகத்துல கிரேன் ஓட்டறான், உனக்கு முட்டி மடங்கல. வலைய வித்துட்டன்னு நெனச்சேன்."

"நெனச்சா, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"வலைய வித்தவன் அத்த வாயால சொல்லக் கூச்சப்படுவான்யா. பட்டன்ல சொல்லிட்டான், மறுபடி கேட்டு மனச நோவடிக்க வேணாமேன்னு இருந்தேன்." கங்காதரன் குரலைத் தாழ்த்தினார். "அடுத்தடுத்து ரெண்டு பாடு வலை இல்லன்னா கட்டு இன்னான்னு உனக்குத் தெரியும். நாலு மணிக்கு ஊரு கூடுது. அங்க வந்து பேசு."

தெரியாமல் என்ன? வலையில்லாத வீட்டுக்குப் பாடு இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பொன்னுரங்கத்தின் வீட்டுப் பெயர் அந்தப் பட்டியலில் அவர் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. இன்று சாயந்திரம் அது இருக்குமா, போகுமா என்பதுதான் கேள்வி.

* * *

வீட்டில் மருமகள் எப்சிபா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து சென்னை ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டுப் பெண். பொன்னுரங்கத்தின் மகன் ஹேமந்தைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த நாலாவது மாதம் குப்பத்துக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தாள். முன்பெல்லாம் ஓர் ஆள் வீடு வீடாகப் போய், "நாளைக்கு உன் பாடு, வரியா?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இப்போது பாட்டுக்காரர் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் தன் போனில் 'வருகிறேன்' என்ற பட்டனை அழுத்தினால் போதும், தலைவர் போனில் தெரிந்துவிடும். ஊரே மெச்சியது. எல்லோரையும்விட அதிகமாக மெச்சியது மாமனார்தான்.

"எம்மா எப்சி!" பொன்னுரங்கம் வாசலிலேயே ஆரம்பித்தார். "நேத்து சாயந்திரம் எடம் பாத்துட்டு ஏரியில இருந்து வர்றச்சொல்லோ பட்டன அமுக்கனேன். பச்சை டிக்கு வந்துச்சு. உங்க அத்தைக்கும் காட்டனேன்."

"காட்டனாரு. நானே பாத்தேன்," என்றாள் அவர் மனைவி ஜமுனா, அடுப்படியிலிருந்து.

போனை நீட்டினார். பச்சை டிக் இன்னும் அப்படியே இருந்தது.

எப்சிபா நடந்ததைக் கேட்டாள். ஆபீஸ்காரர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஆப்பின் கணக்கைத் திறந்து பார்த்தாள். பொன்னுரங்கம் பட்டனை அழுத்தியது மாலை ஐந்து பன்னிரண்டுக்கு. அந்தச் சேதி கங்காதரன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது காலை ஆறு இருபதுக்கு. நடு ஏரியில் டவர் கிடையாது. கரைக்கு வந்து ஆப்பை மூடித் திறந்தால்தான் சேதி கிளம்பும்; அதுவரை போன் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்துவிட்டது.

"அப்ப டிக்கு எதுக்கு வந்துச்சு?"

"நீங்க அமுக்கினதுக்கு வந்துச்சு மாமா. போய்ச் சேர்ந்ததுக்கு இல்ல."

"அமுக்கனது எனக்கே தெரியாதா? அத்த எனக்கு இன்னாத்துக்கு டிக்கு போட்டு சொல்லணும்?"

இத்தனை நாளாக இதை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த விஷயம்தான் இன்னும் கேவலமாக இருந்தது. ஒருவர் போனிலிருந்து சேதி எதுவுமே வராவிட்டால் தலைவர் போனில் என்ன காட்டுவது என்று அவள்தான் எழுதினாள். முதலில் 'நெட் இல்லை' என்றுதான் போட்டிருந்தாள். ஆனால் எப்சிபா பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் மூன்று வருஷம் கோப்பை வாங்கியவள். நெட் என்ற சொல் உறுத்தியது. எடுத்துவிட்டு 'வலை' என்று போட்டாள். ஆபீஸில் காட்டியபோது, "அடடா, என்ன தமிழ்!" என்றார்கள். அங்கே யாரும் வலையை நம்பிச் சோறு தின்பவர்கள் இல்லை.

"அத்தை," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "வலை இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"வலை இல்லன்னா வலை இல்லன்னு அர்த்தம். இதுக்கு அர்த்தம் வேற கேக்கிறியா?"

"நான் நெட்டைச் சொன்னேன் அத்தை. டவர் இல்லன்னு சொல்ல வந்தேன்."

ஜமுனா கரண்டியோடு வெளியே வந்தாள். மருமகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள்.

எப்சிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அவளைத் திட்டத் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு சொல்லை எழுதியபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் மனசு வரவில்லை.

"அழுது இன்னா ஆவப்போவுது?" ஜமுனா எதையும் சட்டென்று முடிவு செய்கிறவள். "டவர் மேல பழிய போடு. டவருக்கு வாயா கீது, இல்லன்னு சொல்ல?"

போனில் ஹேமந்தும் அதையேதான் சொன்னான். "நீ எதுவும் ஒத்துக்காத எப்சி. நைனா பேரு பட்டியல்ல நிக்கணும், அவ்ளோதான். நீ எழுதனதாலதான்னு தெரிஞ்சா, மருமவளே மாமனாருக்கு ஆப்பு வெச்சிட்டான்னு ஊரே சிரிக்கும். தேவையா?"

செய்வது சுலபம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைவர் போனில் இருக்கும் எழுத்தை மாற்றிவிடலாம். 'டவர் இல்லை' என்று மாற்றினால் பழைய பட்டியலிலும் மாறிவிடும். கங்காதரன் திரும்ப எடுத்துப் பார்த்தால் தன் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுவார். ஐந்து நிமிஷ வேலை.

மாற்றுவதற்கு முன்னால், அந்தச் சொல் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று தேடினாள். நாலு இடம். இரண்டு மாமனாருடையது. மற்ற இரண்டும் சம்பந்தம் என்பவருடையது.

சம்பந்தத்தை உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நானே நாலைந்து வாரமாக அவரை மறந்துவிட்டேன். வாதத்தில் படுத்த மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காகச் சுண்ணாம்புக்குளத்தில் மாமியார் வீட்டில் தங்கிக்கொண்டு, பாட்டுக்கு மட்டும் நம் குப்பத்துக்கு வந்து போவார். அடுத்தடுத்து இரண்டு பாடு வலை இல்லாமல் போனார் என்று ஒரு மாதத்துக்கு முன் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அன்று இரவு இதே வீட்டில் சோறு பரிமாறும்போது எப்சிபா, "பாவம், வலையக்கூடவா வித்துட்டாரு?" என்று கேட்டாள். அப்போதும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

இப்போது கணக்கைப் பார்த்தாள். சம்பந்தம் முதல் பாட்டுக்குப் பட்டனை அழுத்தியது மாலை ஐந்து முப்பத்திரண்டு. சேதி சேர்ந்தது மறுநாள் காலை ஏழு. இரண்டாவது பாட்டுக்கு அழுத்தியது மாலை நாலரை. சேர்ந்தது மறுநாள் மத்தியானம். இரண்டு முறையும் மனுஷன் நேரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

எழுத்தை மாற்றினால் சம்பந்தம் பெயருக்கு எதிரில் இருக்கிற 'வலை இல்லை'யும் சேர்ந்து அழிந்துவிடும். சம்பந்தத்துக்கு என்ன நடந்தது என்பதற்குத் தலைவர் போனில் இருக்கிற ஒரே சாட்சி அந்த இரண்டு வரி.

மடிக்கணினியை மாமனார் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் நேரத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு அவன் கூட்டத்துல நின்னு, ரெண்டு பாட்டுக்கும் நான் கெளம்பறதுக்குள்ள வேணாம்னுட்டீங்க, எனக்கு வலை கீது, சுண்ணாம்புக்குளத்துல வெச்சு தச்சிக்கினு கீறேன், வந்து பாருங்கன்னான். நாந்தான் எழுந்து பேசனேன். என் மருமவ செஞ்சது, போனு பொய் சொல்லுமா, நீதான் சொல்ற பொய்யின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணும் பேசாம போய்ட்டான்."

"அத்த எதுக்கு இப்ப தோண்டறீங்க?" என்றாள் ஜமுனா. "மொதல்ல உங்க பேரைப் பாருங்க."

பொன்னுரங்கம் ஒன்றும் மகான் இல்லை. மடிக்கணினியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சாயந்திரம் என் பேரை மட்டும் பேசும்மா. அவன் விசயம் அப்புறமா பாத்துக்கலாம்."

எப்சிபா மடிக்கணினியை மூடினாள். எழுத்தை மாற்றவில்லை.

* * *

மீன் ஏலம் விடுகிற கொட்டகையில்தான் ஊர் கூடும். காலையில் அங்கே பொம்பளைகள் குரல்தான் ஓங்கி இருக்கும். ஊர்க் கூட்டத்தில் ஆம்பளைகள்தான் பேசுவார்கள். எப்சிபாவோடு ஜமுனாவும் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

"மீன் வித்துக் குடுக்க மட்டும் நாங்க வேணுமா?" என்று ஜமுனா ஒரு போடு போட்டாள். முணுமுணுப்பு நின்றது.

எப்சிபா எழுந்தாள். டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"தப்பு என்னுது," என்றாள். "மாமாகிட்ட வலை இருக்குது. அவர் நேத்து சாயந்திரமே பட்டனை அமுக்கினாரு. டவர் இல்லாததால சேதி வந்து சேரல. சேதி வரலன்னு சொல்ல வேண்டிய இடத்துல நான் வலை இல்லைன்னு எழுதிட்டேன். நெட்டுங்கறதைத் தமிழ்ல எழுதினேன்."

கொட்டகை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு யாரோ புரிந்துகொண்டு சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"ஆப்புன்னு பேரு வெச்சப்பவே நெனச்சேன், யாருக்கோ வெக்கப்போறான்னு!"

"ஏன் பாப்பா, நெட்டுன்னு எழுதியிருந்தா எங்க வீட்டு கைக்கொழந்தை கூட படிச்சிருக்குமே," என்றார் கங்காதரன். அவர் சிரிக்கவில்லை. "சரி. இனிமே இன்னா எழுதப்போற?"

எப்சிபா போனைப் பார்த்துப் படித்தாள். "பொன்னுரங்கத்திடமிருந்து சேதி வந்து சேரவில்லை. அவர் வருவாரா, மாட்டாரா என்று தெரியாது. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கவும்."

"இவ்ளோ நீளமா?"

"நீளமா இருந்தா இன்னா?" என்றாள் ஜமுனா. "ஆளு வரலங்கறதும் சேதி வரலங்கறதும் ஒண்ணா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். தெரிஞ்ச மாரி பேசனதாலதானே இவ்ளோ வந்துச்சு?"

"அமுக்கினவங்க போன்லயும் மாத்தறேன் தலைவரே," என்றாள் எப்சிபா. "போய்ச் சேர்ற வரைக்கும் டிக் வராது. இன்னும் போகவில்லை, தலைவருக்கு இன்னும் தெரியாது, கரைக்கு வந்ததும் ஒருமுறை பார்க்கவும்னு வரும்."

கங்காதரன் தலையாட்டினார். "பொன்னுரங்கம் பேரு நிக்குது. இன்னிக்குப் பாடு போனதுதான், கழி நட்டாச்சு. அடுத்த முறை அவனுக்கு வழக்கம்போல உண்டு."

வடிவேலு எழுந்து, இன்று விழுந்த எறாவில் பாதி அண்ணன் வீட்டுக்குப் போகும் என்றார். யாரோ கை தட்டினார்கள். பொன்னுரங்கத்தின் தோள் தளர்ந்தது. இதோடு எழுந்து போயிருந்தால் நல்ல நாள்தான்.

ஆனால் கங்காதரன் தலைவராக இருப்பது சும்மா இல்லை. "ஒண்ணு கேக்கறேன் பாப்பா. இதே மாரி வேற யாருக்காவது ஆச்சா?"

எப்சிபா மாமனாரைப் பார்த்தாள். அவர் காலடியில் கிடந்த மீன் செதிளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜமுனா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சு," என்றாள் எப்சிபா. "சம்பந்தம் அண்ணனுக்கு. ரெண்டு தபாவும். ரெண்டு தபாவும் அவர் வரேன்னுதான் சொல்லியிருக்காரு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அன்னிக்கு போனு பொய் சொல்லுமான்னு கேட்டது யாரு?" என்றது. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பொன்னுரங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாந்தான் கேட்டேன். சபையில வெச்சு ஒருத்தனை பொய்யன்னேன். என் பேரை நிக்க வெச்ச மாரி அவன் பேரையும் வையி கங்காதரா. வெக்கலன்னா என்னுதையும் எடுத்துடு."

"வெச்சாச்சு," என்றார் கங்காதரன். "அடுத்த பாடு அவனுது. வலைய எடுத்துக்கினு வரச்சொல்லு."

"இன்னா வலைய எடுத்துக்கினு வருவாரு?"

கேட்டது கொட்டகை ஓரத்தில் மீன் கூடையோடு நின்றிருந்த காந்தா. சுண்ணாம்புக்குளத்தில் பிறந்து நம் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். "நேத்துதான் எங்க அண்ணி சொன்னா. பாட்டுல பேரு இல்லாதவனுக்கு வலை எதுக்குன்னு போன வாரம் அத்த ஆரம்பாக்கத்துல யாருக்கோ வித்துட்டாராம். வித்துட்டு எங்கியோ வேலைக்குப் போய்ட்டாராம். எங்கன்னு பொண்டாட்டிகிட்ட கூட சொல்லலியாம்."

கொட்டகைக்கு வெளியே படகுகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் மடியிலிருந்து போனை எடுத்தார். வீங்கிய விரலால் சம்பந்தத்தின் பெயரைத் தேட நேரமாயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. அழைத்துவிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்," என்றது ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

மறுபடி அழைத்தார். அதே குரல், அதே மரியாதை.

அவர் போனைக் கையில் ஏந்தியபடி மருமகளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுக்கு இன்னாம்மா அர்த்தம்? அவன் இருக்கிற எடத்துல டவர் இல்லியா? இல்ல, எம் பேரைப் பாத்து அணைச்சு வெச்சிட்டானா?"

எப்சிபா போனை வாங்கிப் பார்த்தாள். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"தெரியல மாமா," என்றாள்.